ஐந்தாவது கதவு

டஸ்கர் வண்டியில் மூன்று மாடல் இருந்தது. ஸ்டாண்டர்டு, டீலக்ஸ், ராயல். வழவழப்பான தாளில் போட்ட விளம்பரப் புத்தகத்தில் மூன்றுக்கும் மூன்று பத்தி. வசதி இருந்தால் டிக், இல்லாவிட்டால் பெருக்கல் குறி. ராயல் பத்தியில் வகுப்பில் முதலாவது வரும் பையனின் விடைத்தாள் மாதிரி டிக்காகக் கிடந்தது. ஸ்டாண்டர்டு பத்தியைப் பார்த்தால் அந்தப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் காப்பியடிக்கத் தெரியாத பையனின் ஞாபகம் வந்தது.

அந்தப் புத்தகம் சிவகாசியில் அச்சாகி, பம்பாய் போய், அங்கிருந்து மதுரை வந்து, விருதுநகர் ஷோரூமில் இறங்கி, ஊர்க்காவலன் கக்கத்தில் ஏறித் திருத்தங்கலுக்கு வந்து சேர்ந்தது. மூன்று மைல் தள்ளி இருக்கிற பிரஸ்ஸிலேயே கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள்.

ஊர்க்காவலனுக்கு வயது ஐம்பத்திரண்டு. கரிசல் காட்டில் பருத்தி எடுத்த வம்சம். அப்பா காலத்தில் காட்டு வேலையை விட்டுப் பட்டாசு வேலைக்கு வந்தார்கள். தானும் கூலிக்குப் போய், அப்புறம் ஒரு கம்பெனியில் போர்மேனாகி, இப்போது மாமனார் வீட்டுக் கரிசலில் சொந்தமாகச் சின்ன லைசென்ஸ் எடுத்துப் பூச்சட்டியும் சக்கரமும் போடுகிறான். பேக்டரிக்கு ரோட்டிலிருந்து ஒன்றரை மைல் மண்பாதை. மழை பெய்தால் அது பாதை இல்லை, அல்வா. போன ஐப்பசியில் ஆட்களை ஏற்றி வந்த வேன் ஓடையில் அச்சு வரை இறங்கி, பதினேழு பெண்கள் இடுப்பளவு சேற்றில் நடந்து வந்தார்கள். இந்த வருசம், 2006-ல், ஆர்.டி.ஓ. ஆபீசிலும் அந்த வேனுக்குச் சான்றிதழ் தர முடியாதென்று கையை விரித்துவிட்டார்கள். ஆகவே, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று வேண்டும். ஆட்களுக்கு வாடகை வேன் பேசிக்கொள்ளலாம். அது சிக்கினால் கயிறு கட்டி இழுக்கவாவது ஒன்று வேண்டுமே.

டீலக்ஸ் முதல் நாளே கழிந்தது. பார்க்கத்தான் காட்டு யானை. பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். மிச்சம் இரண்டு. ஸ்டாண்டர்டும் ராயலும் ஓடையில் ஒரே மாதிரி இறங்கி ஒரே மாதிரி ஏறும். மற்றதெல்லாம் சுகம்.

"சுகம்னா என்ன, பாவமா?" என்றாள் வள்ளித்தாய். அவன் சம்சாரம். விளம்பரப் புத்தகத்தை அவள் மனப்பாடம் செய்திருந்தாள். "ஏசி இருக்கு. பட்டனைத் தொட்டா கண்ணாடி எறங்குது. பதினஞ்சு கிலோமீட்டர் வேகம் வந்துட்டா அஞ்சு கதவும் தானா பூட்டிக்கிடுதாம். உங்க ஸ்டாண்டர்டுல என்ன இருக்கு? ஸ்டியரிங் இருக்கு. அதுவாச்சும் குடுக்கானே."

"கதவு எதுக்குத் தானா பூட்டணும்?"

"பத்திரத்துக்கு."

"யாருக்குப் பத்திரம்?"

"ஏங்க, உள்ள இருக்கிறவுகளுக்குத்தான். வெளிய இருக்கிறவனுக்கா?"

ஊர்க்காவலன் புத்தகத்தை மூடிவைத்தான். கஞ்சன் என்று அவள் முடிவுகட்டினாள். ஊரும் அப்படித்தான் முடிவு கட்டி வைத்திருந்தது. அவனும் அதை மறுத்ததில்லை. கஞ்சன் என்பது நல்ல பெயர். அதற்கு மேல் யாரும் தோண்டமாட்டார்கள்.

தாப்பாள் விஷயத்தையும் ஊர் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தது. ஊர்க்காவலன் வீட்டில் எந்தக் கதவுக்கும் தாப்பாள் கிடையாது. குளியலறைக்கும் கிடையாது. அந்த வீட்டில் குளிக்கப் போகிறவர்கள் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். பாட்டு நின்றால் வெளியே இருப்பவர்கள் வேலை முடிந்ததென்று கதவைத் தள்ளிவிடுவார்கள். விருந்தாளியாக வந்த வள்ளித்தாயின் சித்தப்பா ஒருத்தர் பாடத் தெரியாமல் இரண்டு நாள் குளிக்காமலே ஊருக்குத் திரும்பினார். பேக்டரியிலும் ஒரு ரூமுக்கும் தாப்பாள் இல்லை. சோதனைக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்து அசந்துபோய், தொழிலாளர் பாதுகாப்பில் முன்மாதிரி என்று நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. ஊர்க்காவலன் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்புவதில்லை.

ஏனென்றால் தாப்பாள் போட்டது அவன்.

ஏழு வருசத்துக்கு முன், தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நடந்தது. அப்போது அவன் வேறொருவர் கம்பெனியில் போர்மேன். பட்டாசில் வெடிமருந்து செலுத்துகிற ரூமுக்கு எதிரெதிராக இரண்டு கதவு இருக்கும். நெருப்பு ஒரு பக்கம் வந்தால் மறு பக்கம் ஓட. உள்ளே நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. அன்றைக்கு நாலு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பின் கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தவள் பொன்மணி. ஊர்க்காவலனின் சொந்தத் தங்கச்சி.

மத்தியானம் வாடைக் காற்றோடு சாரல் அடித்தது. பின் கதவு வழியாகச் சாரல் உள்ளே வந்தது. அலுமினியத் தூள் கலந்த மருந்தில் தண்ணீர் பட்டால் அது தன்னாலே சூடேறும், சூடேறினால் தீப்பிடிக்கும். சிவகாசியில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். முறைப்படி வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்றியிருக்க வேண்டும். சீசன். ஆர்டர் நிற்கிறது. ஊர்க்காவலன் பின் கதவைச் சாத்தினான். காற்று திரும்பத் திரும்பப் பிடுங்கித் திறந்தது. வெளிப்பக்கம் தாப்பாளைப் போட்டான். மருந்து நனையக் கூடாது என்கிற ஒரே நல்லெண்ணத்தில் போட்டான். பத்தே நிமிசம், சாரல் நின்றதும் திறந்துவிடலாம்.

அப்போது லோடு ஏற்ற லாரி வந்தது.

முன் கதவுப் பக்கம் தீப்பிடித்தது. அங்கே இருந்த மூன்று பேர் காயத்தோடு வெளியே விழுந்தார்கள். லாரிக்குப் பக்கத்தில் நின்ற ஊர்க்காவலனுக்குத் தட்டுகிற சத்தம் கேட்டது. மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. அவசரமாகக்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரி உப்புக் கேட்டு வந்த மாதிரி மரியாதையாகத் தட்டினாள். அண்ணன் வெளியேதான் நிற்கிறான், திறப்பான் என்கிற தைரியம். அவன் ஓடிவந்தபோது கதவே நெருப்பாக இருந்தது.

பிறகு எல்லாரும் கேட்டார்கள். பின் கதவு பக்கத்திலேயே இருந்தவள் ஏன் ஓடவில்லை? ஊர்க்காவலனின் வாய் அவனைக் கேட்காமலே சொன்னது. "ஓடிவந்துட்டா. தூக்குச்சட்டியை எடுக்கத் திரும்ப உள்ள போயிட்டா."

தூக்குச்சட்டி கச்சிதமாகப் பொருந்தியது. போலீஸ் எழுதிக்கொண்டது. கம்பெனி நிம்மதியடைந்தது. பேப்பரில்கூட வந்தது. பொன்மணியின் புருசன் மாரிக்கண்ணன், பதினாறாம் நாள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, "ஒரு ஓட்டைத் தூக்குச்சட்டிக்காடி உசிரை விட்ட" என்று படத்தைப் பார்த்துக் கேட்டான். அதற்கப்புறமும் கேட்டுக்கொண்டே இருந்தான். வருசா வருசம் திவசத்தன்று ஒரு தடவையாவது ஏசிவிடுவான். இப்போது அவன் ஊர்க்காவலனிடம்தான் டிரைவர். கூப்பிட்டு வேலை கொடுத்த மச்சானைப் பற்றி அவன் நல்ல வார்த்தை தவிர ஒன்றும் சொன்னதில்லை.

பொன்மணி மட்டும் தன் தரப்பைச் சொல்லாமல் விடவில்லை. ஆனால் அவளுக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. சும்மா சும்மா வரமாட்டாள். ஊர்க்காவலன் பூட்டிய இடத்துக்குள் இருந்தால் மட்டும் வருவாள். லைசென்ஸ் வேலையாக மெட்ராஸ் போனபோது லாட்ஜில் தட்டினாள். அரசாங்க ஆபீசில் லிப்டில் தட்டினாள். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில். அன்றிலிருந்து அவன் ஆறு மாடியானாலும் நடைதான். பழைய வேனில் வந்ததில்லை. அதன் பின் கதவைக் கயிற்றால்தான் கட்டியிருந்தார்கள்.

ஆக, ஊர்க்காவலனுடைய பிரச்சினை இதுதான். ராயல் வாங்கினால் தினமும் பொன்மணி வருவாள். ஸ்டாண்டர்டு வாங்கினால் ஏன் என்று கேட்பார்கள். கஞ்சன் என்கிற பதில் இத்தனை நாள் தாங்கியது; ஆனால் ஷோரூம்காரன் ஒரு வழி கண்டுபிடித்து அதையும் உடைத்துவிட்டான்.

"சார், லக் உங்களுக்கு," என்றான் பாண்டிச்செல்வம். விருதுநகர் ஷோரூமின் விற்பனைப் பையன். கழுத்தில் டை, நெற்றியில் பட்டை. "ராயல்ல ஒரு வண்டி புக் பண்ணுனவர் வேணாம்னுட்டார். ஸ்டாண்டர்டு ரேட்டுக்கே எம்.டி. குடுக்கச் சொல்லிட்டார். ஒரே விலை சார். இன்னும் என்ன யோசனை?"

வள்ளித்தாய் புருசனைப் பார்த்தாள். மாரிக்கண்ணனும் பார்த்தான். ஊர்க்காவலன் வண்டியைச் சுற்றிவந்தான். பட்டாசுக்காரன் எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் பார்ப்பது எஞ்சினை இல்லை.

"கதவு எத்தனை தம்பி?"

"பக்கத்துக்கு ரெண்டு, பின்னாடி ஒண்ணு. அஞ்சு சார்."

"எல்லாம் வெளிப்பக்கம்தான தொறக்கும்?"

பாண்டிச்செல்வத்துக்கு விற்பனைப் பயிற்சியில் இந்தக் கேள்வி வரவில்லை. "உள்பக்கம் தொறக்கிற கார் இன்னும் வரலை சார்," என்றான் பணிவாக.

"மொத்தம் எத்தனை பேர் உக்காரலாம்?"

"ஏழு பேர்."

"நாலு பேருக்கு மேல ஆகாது," என்றான் ஊர்க்காவலன்.

"மச்சான், இது மருந்து ரூம் இல்ல," என்று மாரிக்கண்ணன் சிரித்தான். "ஓட்டிப் பாப்போம். நம்ம ஓடையிலயே எறக்கிப் பாத்துருவோம். ஏன் தம்பி, விடுவீகளா?"

"உங்க வண்டி சார்!" என்றான் பாண்டிச்செல்வம், கையெழுத்து விழுந்ததாகவே நினைத்துக்கொண்டு.

மாரிக்கண்ணன் ஓட்டினான். பக்கத்தில் பாண்டிச்செல்வம். பின்னால் வள்ளித்தாய் வலது ஜன்னல், ஊர்க்காவலன் இடது ஜன்னல். நடு சீட்டு காலி. ஏறுவதற்கு முன்னால் ஊர்க்காவலன் குனிந்து உள்ளங்கையால் தரையைத் தொட்டான். உடம்பில் இருக்கிற கரண்டை மண்ணில் இறக்கிவிட்டுத்தான் மருந்து ரூமில் கால் வைக்க வேண்டும் என்கிற பழக்கம். பக்திமான் என்று பாண்டிச்செல்வம் நினைத்துக்கொண்டான்.

ஷோரூம் வாசலைத் தாண்டினார்கள். வேகம் பதினைந்தைத் தொட்டது.

டக்.

ஐந்து கதவும் ஒரே குரலில் சொன்னது. வள்ளித்தாய் ஏசியின் வாய்க்கு நேராக முகத்தைக் காட்டிக் கண்ணை மூடினாள். சிவகாசி ரோட்டின் புழுதியும் லாரிச் சத்தமும் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டன. உள்ளே அத்தனை அமைதி. அப்படியொரு அமைதியில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும்.

பின் கதவில் மூன்று தட்டு.

ஊர்க்காவலன் திரும்பவில்லை. ஒரு இடைவெளி. மறுபடி மூன்று.

"தம்பி, பின்னால ஏதாச்சும் ஆடுதா?" என்றான்.

"எங்க சார்?"

"பின் கதவுல. சத்தம் வருது."

பாண்டிச்செல்வத்துக்கு வியர்த்தது. ஏசி இருந்தும் வியர்த்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப்போய், ஸ்பேர் டயரை ஆட்டிப் பார்த்தான், ஜாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "இனி வராது சார்." வண்டி கிளம்பியது. டக். மூன்று தட்டு.

"எனக்கொண்ணும் கேக்கலியே," என்றாள் வள்ளித்தாய். "உங்களுக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. வண்டி மேல பழியைப் போடாதீக."

திருத்தங்கல் தாண்டி மண்பாதையில் இறங்கினார்கள். காலையில் ஒரு மழை பெய்திருந்தது. இப்போது தூறல். ஓடையில் முழங்கால் தண்ணீர். மாரிக்கண்ணன் ஒரு குமிழைத் திருகினான். நாலு சக்கரமும் இழுக்க, வண்டி சேற்றில் ஒரு தடவை முனகிவிட்டு எருமை மாதிரி நிதானமாக நடந்தது. நடு ஓடையில் மாரிக்கண்ணன் வேண்டுமென்றே நிறுத்தினான். நின்ற இடத்திலிருந்து ஏறுகிறதா என்று பார்க்க வேண்டுமே.

சாரல் கண்ணாடியில் சரிந்து அடித்தது. வாடைக் காற்று.

இப்போது தட்டல் பின் கதவில் இல்லை. நடு சீட்டுக்குப் பின்னால், சாய்மானத்தில், ஊர்க்காவலனின் தோளுக்கு ஒரு சாண் தள்ளிக் கேட்டது. மூன்று. இடைவெளி குறைந்துவிட்டது. மூன்று. அவளுக்கும் மரியாதை தீர்ந்துபோயிருக்கும்.

அவன் கதவுப் பிடியை இழுத்தான். திறக்கவில்லை. மறுபடி இழுத்தான். குழந்தைகள் திறந்துவிடாமல் இருக்கப் பின் சீட்டுக் கதவுகளில் ஒரு பூட்டு உண்டு. காலையில் யாருக்கோ விளக்கிக் காட்டிய பாண்டிச்செல்வம் அதை எடுத்துவிட மறந்திருந்தான். ஊர்க்காவலன் கண்ணாடி பட்டனை அமுக்கினான். டிரைவர் பக்கத்தில் அதையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். ராயலில் இதற்கெல்லாம் டிக்.

ஊர்க்காவலன் இரண்டு கையாலும் கண்ணாடியைக் குத்தினான். "தாப்பாளைத் தொறங்கலே! ஏலே, உள்ள ஆளு இருக்கு! வெளித் தாப்பாளைத் தொறங்கலே! பொன்மணி உள்ள இருக்காடா!"

வள்ளித்தாய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பாண்டிச்செல்வம் ஜாக்கியைக் கெட்டியாகக் கட்டிக்கொண்டான். மாரிக்கண்ணன் எஞ்சினை நிறுத்தினான். ஏசி நின்றது. ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது.

"மச்சான்," என்றான் தலைக்கு மேலிருந்த கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்து. "எந்தத் தாப்பாளு?"

ஊர்க்காவலனின் கை ஜன்னலிலேயே இருந்தது.

"கார்ல ஏது தாப்பாளு? எந்தத் தாப்பாளைச் சொல்றீக?"

ஒரு பொய்யை உடனே எடுத்துவிட்டிருக்கலாம். தூக்குச்சட்டி மாதிரி இன்னொரு பாத்திரம் எங்கேயாவது கிடைத்திருக்கும். ஆனால் சாய்மானத்தில் தட்டல் நின்றிருந்தது. அவளும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"சாரல் அடிச்சுச்சு மாப்ளே," என்றான். "மருந்து நனைஞ்சிரும்னு பின் கதவை வெளிய தாப்பாப் போட்டேன். பெறகு லாரி வந்துச்சு. மறந்துட்டேன்."

மாரிக்கண்ணன் திரும்பவில்லை. கண்ணாடியில் அவன் கண் மட்டும் தெரிந்தது.

"அப்ப தூக்குச்சட்டி?"

"நான் சொன்னது."

"அவ திரும்பிப் போகல."

"போகல. வெளியவே வரல. தட்டுனா. எனக்குக் கேட்டுச்சு."

மாரிக்கண்ணன் வண்டியைக் கிளப்பினான். நாலு சக்கரமும் இழுத்தது. கரை ஏறினார்கள். வண்டி நன்றாக ஏறியதைப் பற்றிச் சொல்ல பாண்டிச்செல்வம் இரண்டு முறை வாயைத் திறந்து மூடினான்.

பேக்டரி முற்றத்தில் வேப்ப மரத்தடியில் சாப்பாட்டு நேரம். பதினேழு பெண்களும் கிண்ணங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். புது வண்டியைப் பார்த்து எழுந்து வந்தார்கள். மாரிக்கண்ணன் இறங்கினான். வள்ளித்தாய்க்கு வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்டான். பாண்டிச்செல்வம் தானே இறங்கிக்கொண்டான். ஊர்க்காவலன் பக்கக் கதவை மாரிக்கண்ணன் திறக்கவில்லை. கையை உள்ளே நீட்டி, பட்டனைத் தொட்டு, அந்தக் கண்ணாடியை மட்டும் நாலு விரல் அகலம் இறக்கினான். பிறகு எல்லாக் கதவையும் சாத்திச் சாவியிலிருந்த பொத்தானை அமுக்கினான். டக்.

"சொல்லுங்க மச்சான்," என்றான்.

"மாப்ளே..."

"எங்கிட்டச் சொன்னது பத்தாது. ஏழு வருசமா இவுக எல்லார் முன்னாலயும் அவளை ஏசியிருக்கேன். தூக்குச்சட்டிக்குச் செத்த கழுதைன்னு சொல்லியிருக்கேன். இவுகளுக்குச் சொல்லுங்க."

நாலு விரல் சந்தில் ஊர்க்காவலன் வாயை வைத்தான். பதினேழு பெண்களுக்கும் முதலாளியின் வாய் மட்டும் தெரிந்தது. அவன் சொன்னான். சாரலைச் சொன்னான், தாப்பாளைச் சொன்னான், லாரியைச் சொன்னான், மூன்று தட்டைச் சொன்னான். தூக்குச்சட்டியைக் கடைசியாகச் சொன்னான்.

யாரும் அழவில்லை. யாரும் ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு விசித்திரமாக இருந்தது.

ஆவுடைத்தாய் முன்னால் வந்தாள். அன்றைக்கு அந்த ரூமில் இருந்து பிழைத்த மூன்று பேரில் ஒருத்தி. இடது கை முழங்கை வரை வெந்து சுருங்கியிருக்கும். சந்துக்குக் குனிந்து, மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அன்னைக்கு அவ தூக்குச்சட்டியே கொண்டு வரலையே அண்ணே. வீட்ல மறந்துட்டு வந்துட்டா. என் சோத்துலதான் பாதி தின்னா."

"அப்ப உனக்கு..."

"எங்க மூணு பேருக்கும் தெரியும். பெறகு இவுகளுக்கும் தெரியும்." கிண்ணத்துத் தண்ணீரைத் தரையில் கொட்டினாள். "நீங்கதான வேலை குடுக்கிறீக. எங்க போய்ச் சொல்ல?"

மாரிக்கண்ணன் அவளைப் பார்த்தான். பிறகு மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியையும் பார்த்தான். ஒவ்வொருத்தியும் தன் கிண்ணத்தைப் பார்த்தாள். ஏழு வருசமாக அவன் ஏசியதை மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் அது. அந்த பேக்டரியில் தெரியாமல் இருந்தவன் அவன் ஒருத்தன்தான்.

சாவியைப் பாண்டிச்செல்வம் கையில் கொடுத்தான். ஓடைப் பக்கம் போகாமல், ஆள் மட்டும் நடக்கிற மேட்டு ஒற்றையடிப் பாதை வழியாக ரோட்டைப் பார்த்து நடந்தான். வேட்டி நுனி சேற்றில் இழுபட்டது. "மாரி, எங்கனப்பா போறீக?" என்று வள்ளித்தாய் கூப்பிட்டது தூறலில் கரைந்தது. அவள் திரும்பிப் புருசனைப் பார்த்தாள். பாட்டுப் பாடிக் குளித்த ஏழு வருசத்தையும் சேர்த்துப் பார்த்தாள். முன் சீட்டில் போய் ஏறிக்கொண்டாள்.

பாண்டிச்செல்வம் குழந்தைப் பூட்டை எடுத்துவிட்டான். "சாரி சார். மிஸ்டேக் என்னோடதுதான்," என்றான். அந்த முற்றத்தில் தானாக முன்வந்து அதைச் சொன்னவன் அவன்தான்.

திரும்பும்போது அவனே ஓட்டினான். ஓடையைத் தாண்டினார்கள். தார் ரோடு வந்ததும் வேகம் கூடியது. கதவுகள் பூட்டிக்கொண்டன. ஊர்க்காவலன் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தான். பாலம் வந்தது, தீப்பெட்டி ஆபீஸ் வந்தது, ரயில்வே கேட் வந்தது. தட்டவில்லை. நடு சீட்டில் கையை வைத்துப் பார்த்தான். புது சீட்டின் பிளாஸ்டிக் உறை கையோடு ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான்.

"இப்ப சத்தம் வருதா சார்?" என்றான் பாண்டிச்செல்வம்.

"இல்ல."

"ஜாக்கிதான் சார். நான் சொன்னேன்ல."

கேட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம். சிமெண்ட் பெஞ்சில் மாரிக்கண்ணன் உட்கார்ந்திருந்தான். கேட்டில் இவர்கள் அரை மணி நேரம் ரயிலுக்குக் காத்திருந்தபோது, மேட்டுப் பாதைக் குறுக்கு வழியாக முந்திக்கொண்டு வந்திருக்கிறான். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் அவன் பெஞ்சின் ஒரு ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டிருந்தான். அந்தப் பக்கம் திரும்பி, தலையைத் தாழ்த்தி, மெதுவாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். இடையிடையே நிறுத்திக் கேட்டுக்கொண்டான். வண்டி தன்னைக் கடந்து போனதை அவன் கவனிக்கவில்லை.

ஊர்க்காவலன் பின் கண்ணாடி வழியாக அந்தப் பெஞ்ச் மறைகிற வரை பார்த்தான். பிறகும் பார்த்தான்.

ஷோரூமில் பாண்டிச்செல்வம் படிவத்தை விரித்துப் பேனாவைத் திறந்தான். "அப்ப எந்த மாடல்னு போட்டுக்கிடட்டும் சார்?"

வள்ளித்தாய் வாசலில் முதுகைக் காட்டி நின்றாள். புத்தகத்தின் மூன்று பத்திகளும் மேசையில் கிடந்தன. எதிலும் இப்போது அவனுக்குப் பயப்பட ஒன்றும் இல்லை.

"எதையாச்சும் போடுங்க தம்பி," என்றான் ஊர்க்காவலன். "இனி எதுவும் ஒண்ணுதான்."

பாண்டிச்செல்வம் ராயல் என்று எழுதினான். கலர் என்ன என்று கேட்டான். அதற்கும் பதில் வராததால் வெள்ளை என்று அவனே போட்டுக்கொண்டான்.